கோப மருந்து

எங்கள் மகள் அழுவதை நிறுத்திய பிறகுதான் என் மனைவிக்கு நிம்மதி போனது.

அதற்கு முன்னால் மகள் எப்படி அழுதாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் மனைவியைப் பற்றித் தப்பாக நினைத்துவிடுவீர்கள். மகளுக்கு அப்போது நாலு வயது முடியப்போகிற நேரம். வீட்டில் அவளுக்கு நான் வைத்த பேர் குக்கர். முதலில் மூக்கு விடைக்கும், அப்புறம் கீழுதடு நடுங்கும், அப்புறம் தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி ஒரு விசில். காரணம் பெரிதாக இருக்கவேண்டியதில்லை. காலுறையின் தையல் சுண்டுவிரலில் உறுத்தினால் போதும். பாக்கெட்டைப் பிரிக்கும்போதே பிஸ்கட் உடைந்திருந்தால் போதும். உடைந்ததை ஒட்டித் தரச் சொல்லுவாள். வேறு முழு பிஸ்கட் கொடுத்தால் அது அந்த பிஸ்கட் இல்லை என்பாள்.

நான் லிஃப்ட் பழுது பார்ப்பவன். எங்கள் குடியிருப்பில் லிஃப்டின் பொத்தானை அவள்தான் அழுத்தவேண்டும் என்பது எழுதாத சட்டம். ஒருநாள் மேல்வீட்டுக்காரர் தெரியாத்தனமாக அழுத்திவிட்டார். குக்கர் அந்த இடத்திலேயே, லிஃப்ட் வாசலுக்குக் குறுக்கே, மல்லாந்து படுத்துவிட்டாள். கதவு மூடவரும், அவள் இருப்பதைக் கண்டு திறக்கும், மறுபடி மூடவரும். மேல்வீட்டுக்காரர் கையில் காய்கறிப் பையோடு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உங்க தொழிலுக்கு ஏத்த பொண்ணு" என்று சொல்லி மாடிப்படியில் ஏறிப் போனார்.

மிரட்டிப் பார்த்தோம். கெஞ்சிப் பார்த்தோம். கண்டுகொள்ளாமல் இருந்தால் தானாக அடங்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அவள் தரையில் உருண்டுகொண்டிருக்க, நாங்கள் இரண்டு பேரும் அடுப்படியில் நின்று வெங்காயத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதுவும் பலிக்கவில்லை.

இரண்டு பேருக்கும் வேலை. ஆகவே அவளைப் பக்கத்துத் தெருவில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் விட்டோம். தரைத்தளத்தில் வாடகைக்கு எடுத்த ஒரு வீடுதான் அது. அதை நடத்துகிற பெண்மணியைக் குழந்தைகள் மிஸ் என்று கூப்பிடுவார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். ஐம்பது வயதிருக்கும். வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டை. அனாவசியமாகச் சிரிக்கமாட்டார். காலையில் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழைகிற அளவுக்குக் கதவைத் திறப்பார், குழந்தையை வாங்கிக்கொள்வார், மூடிவிடுவார். பெற்றவர்கள் நடுவில் வரக்கூடாது. "வந்தா பிள்ளைங்க கலைஞ்சிடும்," என்பார், ஏதோ கோலிக்குண்டுகளை அடுக்கிவைத்திருக்கிற மாதிரி.

அந்த மூடிய கதவு முதலில் என் மனைவிக்கு ஒரு விஷயமாகவே தெரியவில்லை. மகள் மாறிய பிறகுதான் தெரிந்தது.

மாற்றம் ஒரு பிஸ்கட்டில் வெளிப்பட்டது. ஒரு சாயங்காலம் நான் பாக்கெட்டைப் பிரித்தேன், மேலே இருந்தது இரண்டாக உடைந்திருந்தது. நான் அடுத்து வரப்போவதற்குத் தயாராகத் தோளைக் குறுக்கிக்கொண்டேன். அவள் மூக்கு விடைத்தது. உதடு நடுங்கியது. ஆனால் விசில் வரவில்லை. கைகளை உடம்போடு ஒட்டி நேராக வைத்துக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது, சத்தமில்லாமல் எதையோ ஒப்பிக்கிற மாதிரி. மூக்கால் ஒரு பெருமூச்சு. பிறகு ஒரு பாதியை எடுத்துக் கடித்தாள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. திரும்பி மனைவியைப் பார்த்தேன். அவள் பேயறைந்த மாதிரி நின்றாள்.

"இது நம்ம பொண்ணு இல்லைங்க," என்றாள்.

"வளர்றா."

"ஒரு வாரத்துலயா?"

அவள் இப்படிக் கேட்டதற்கு அவளுடைய வேலை ஒரு காரணம். என் மனைவி கடைவீதியில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். சீட்டைப் படித்து, மாத்திரையை எடுத்து, எப்போது எப்படிச் சாப்பிடவேண்டும் என்று சொல்லிக் கொடுப்பவள். அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் வலியோடு வருவார்கள், மீதிப் பேர் அவசரத்தோடு வருவார்கள். யார் எவ்வளவு கத்தினாலும் அவள், "ஒரு நிமிஷம் இருங்க, பாத்துட்டுச் சொல்றேன்," என்று ஒரே குரலில் சொல்வாள். யார் என்ன வாங்கினார்கள் என்பதை வீட்டில்கூடச் சொல்லமாட்டாள். போனில் யாராவது கேட்டால், "அதையெல்லாம் சொல்லக்கூடாதுங்க, கடைக்காரங்க சொல்லமாட்டாங்க," என்று வைத்துவிடுவாள்.

ஆனால் பேர் சொல்லாமல் ஒரு விஷயம் முன்பே சொல்லியிருக்கிறாள். சளிக்கு ஒரு சிரப் இருக்கிறது. குடித்தால் மூக்கு ஒழுகுவது நிற்கும், கூடவே நல்ல தூக்கம் வரும். சளியே இல்லாத குழந்தைகளுக்கு அதை வாங்க வருகிறவர்கள் உண்டாம். "பயணம் போறோம், தொந்தரவு பண்ணாம வரணும்," என்று கூசாமல் கேட்பார்களாம். அவள் இல்லையென்று சொல்லி அனுப்புவாள். அவர்கள் அடுத்த கடைக்குப் போவார்கள்.

அன்றைக்கு அவள் மனம் நேராக அந்தச் சிரப்பில் போய் விழுந்தது. குக்கரை மடியில் உட்காரவைத்து, விளையாட்டு காட்டுகிற மாதிரி போன் வெளிச்சத்தைக் கண்ணில் அடித்துப் பார்த்தாள். வாயை முகர்ந்தாள். மகள் சிரித்துக்கொண்டே வாயை இன்னும் அகலமாகத் திறந்து காட்டினாள்.

சந்தேகம் என்பது ஒரு தடவை வந்துவிட்டால் அதற்குத் தீனி தானாக வந்து சேர்ந்துகொண்டே இருக்கும் என்று அந்த நாட்களில் பார்த்தேன். மகள் சாப்பிட்டு முடித்த கையோடு தூங்கிவிட்டாள். மனைவி என்னைப் பார்த்தாள். "ஓடி ஆடியிருப்பா," என்றேன். சட்டைக் காலரில் இளஞ்சிவப்பாக ஒரு கறை, முகர்ந்தால் இனிப்பு வாசனை. அந்தச் சட்டையைத் துவைக்காமல் தனியாகச் சுருட்டி வைத்தாள். மூன்றாவதுதான் என்னையும் சந்தேகப்பட வைத்தது.

மனைவி அவளுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். சிக்கு இழுத்தது. மகள், "ஆ," என்று மட்டும் சொன்னாள்.

"வலிக்கலையா கண்ணு?" என்றாள் மனைவி.

"வலிக்குது. ஆனா நான் இன்னிக்கு மருந்து குடிச்சேன்."

சீப்பு நின்றது. "என்ன மருந்து?"

"கோப மருந்து."

"யார் குடுத்தா?"

மகள் உதட்டை இறுக்கிக்கொண்டாள். "அதைச் சொல்லக்கூடாது."

"அம்மாகிட்ட சொல்லலாம்."

"யாருகிட்டயும் சொல்லக்கூடாது."

எவ்வளவு கேட்டும் அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்கமுடியவில்லை. மனைவி என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"இப்ப என்ன சொல்றீங்க?"

"நேரா மிஸ்ஸைக் கேட்டுடலாம்."

"கேட்டா, ஆமாம் குடுத்தேன்னு சொல்லுவாங்களா? பாட்டிலை ஒளிச்சு வெச்சிடுவாங்க. கையும் களவுமா பிடிக்கணும்."

"ஒருவேளை..."

"உங்களுக்கு வீடு அமைதியா இருந்தா போதும். அது எப்படி வந்துச்சுங்கிறது வேண்டாம்."

அதில் கொஞ்சம் உண்மை இருந்தது.

அவள் விசாரிக்க ஆரம்பித்தாள். காப்பகத்தில் குக்கரோடு ஒட்டிக்கொண்டு திரிகிற ஒரு பெண் குழந்தை உண்டு. தலைமுடியை வைத்து நாங்கள் சுருட்டை என்போம். அவளுடைய அப்பா வாடகைக் கார் ஓட்டுபவர். சாயங்காலம் வாசலில் அவரைப் பிடித்து, உங்கள் மகளிடம் ஏதாவது மாற்றம் தெரிகிறதா என்று கேட்டாள். "ஆமாங்க, இப்பல்லாம் முன்ன மாதிரி கடிக்கிறதில்ல. எனக்கே ஆச்சரியமா இருக்கு," என்றார் அவர், முழங்கையில் ஆறிப்போன பல்தடத்தைப் பெருமையாகக் காட்டி. மனைவி அதைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னாள்: "எல்லாருக்கும் குடுக்கறாங்க."

தன் வார விடுமுறையில் மகளைக் காப்பகத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் பார்த்தாள். காலை முழுக்கச் சமர்த்தாக இருந்தாள். "நேத்து குடுத்தது இன்னும் உடம்புல இருக்கு," என்றாள் மனைவி. மத்தியானத்துக்கு மேல் கிண்ணம் மாறிப்போனதற்காக மகள் வீட்டையே இரண்டாக்கினாள். "பாத்தீங்களா, இறங்கிடுச்சு," என்றாள். அழாவிட்டாலும் மருந்து, அழுதாலும் மருந்து. இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் வேறு வீடு பார்க்கவேண்டியிருந்திருக்கும்.

அதற்கு மறுநாள் அவள் வாழ்க்கையில் செய்யாத ஒன்றைச் செய்தாள். கடையில் அவளோடு நிற்கும் பையனிடம், அந்தக் காப்பகத்து அம்மா நம் கடைக்கு வருவதுண்டா, என்ன வாங்குவார் என்று கேட்டாள். அவன் மூத்தவள் கேட்கிறாளே என்று யோசிக்காமல் சொல்லிவிட்டான். என் மனைவி வேலை முடிந்து போன பிறகு, மாதம் தவறாமல் வருவாராம். இன்ன சிரப், பெரிய பாட்டில்.

அதே சிரப்.

வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னபோது அவள் குரல் நடுங்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மறுநாள் காலையில் மகளின் சிறுநீரை ஒரு டப்பாவில் பிடித்துச் சோதனைக்கூடத்தில் கொடுத்தாள். அங்கிருந்தவர், இந்த மாதிரி சோதனைக்கு வெளியே அனுப்பவேண்டும், முடிவு வரச் சில நாள் ஆகும் என்றார். அதுவரை மகளை அனுப்பவேண்டாம் என்றேன். அனுப்பாவிட்டால் மிஸ் சுதாரித்துக்கொள்வார், வழக்கம்போல் அனுப்புவோம், முடிவு கைக்கு வரட்டும் என்றாள் மனைவி. சரி, காத்திருப்போம் என்று பேசி முடித்தோம்.

அந்தக் காத்திருப்பு மத்தியானம் வரைக்கும்தான் தாங்கியது.

நான் அப்போது ஒரு அலுவலகக் கட்டடத்தில் இருந்தேன். இரண்டு மாடிகளுக்கு நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஒருவர், நல்ல பதவியில் இருப்பவர், கதவை உதைத்துக்கொண்டிருந்தார். இப்படி நேரத்தில் கதவோரமாக நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். "சார், காத்து வருது, பயமில்ல. நான் இங்கதான் நிக்கறேன்." உள்ளேயிருந்து, என் வேலையைப் பறித்துவிடுவதாக மிரட்டல் வந்தது. கூட வந்தவன் மேலே இயந்திர அறையில் இருந்தான். அப்போது மனைவி கூப்பிட்டாள்.

"நான் போறேன்," என்றாள். தெருச் சத்தம் கேட்டது, நடந்துகொண்டே பேசினாள்.

"எங்க?"

"இந்நேரம்தான் தூங்கப் போடுவாங்க. இந்நேரம்தான் குடுப்பாங்க."

"முடிவு வரட்டும்னு பேசினோமே."

"அது வர்றதுக்குள்ள எத்தனை கரண்டி உள்ள போகும்?"

வைத்துவிட்டாள். லிஃப்டை இறக்கி, அந்தப் பெரிய மனிதரை வெளியே விட்டு, அவர் சட்டையைச் சரிசெய்துகொண்டு யாரையும் பார்க்காமல் போன பிறகு, மீதியைக் கூட்டாளியிடம் ஒப்படைத்துவிட்டு நான் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது காப்பகத்தின் கதவு அகலத் திறந்து கிடந்தது. அப்படி அது திறந்திருந்து நான் பார்த்ததே இல்லை. உள்ளே கூடத்தில் பாய்கள் விரித்திருந்தன. சில குழந்தைகள் பாதித் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்திருந்தார்கள். என் மனைவி கடையில் போடுகிற வெள்ளைக் கோட்டோடு நடுவில் நின்றாள். ஒரு கையில் சிரப் பாட்டில். சமையலறை மேடையிலிருந்து எடுத்திருக்கிறாள். பாதிதான் இருந்தது.

"மாசாமாசம் எங்க கடையில வாங்கறீங்களாமே, எங்க போச்சு பாதி? சொல்லுங்க, எங்க போச்சு? பெத்தவங்க நம்பி விட்டுட்டுப் போறாங்க, நீங்க மயக்கிப் படுக்க வைக்கறீங்க."

மிஸ் சுவரோரமாக, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் குற்றம் செய்தவர் மாதிரி எதுவும் தெரியவில்லை. செய்யாதவர் மாதிரியும் தெரியவில்லை. என் மனைவி இன்னும் உரக்கக் கத்தினாள். சுருட்டை முதலில் அழ ஆரம்பித்தாள். அதைப் பார்த்து இன்னும் இரண்டு குழந்தைகள்.

நான் மகளைத் தேடினேன். ஜன்னலுக்குக் கீழே ஒரு மேசை, அதன் மேல் செருப்புப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. பெட்டிகளில் காலி டப்பாக்கள், மூடிகள், பொத்தான்கள். அதற்குப் பின்னால் குக்கர் நின்றாள். பெரியவர்களின் வெள்ளைச் சட்டை ஒன்றைக் கோட்டு மாதிரி போட்டிருந்தாள். முழங்காலுக்குக் கீழே வரைக்கும் தொங்கியது. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கு விடைத்தது. உதடு நடுங்கியது. நான் அவளைத் தூக்கிக்கொள்ள ஓரடி வைத்தேன்.

அதற்குள் அவள் கைகள் உடம்போடு ஒட்டின. உதடு அசைந்தது. இந்தத் தடவை நான் பக்கத்தில் இருந்ததால் என்ன சொல்கிறாள் என்று காதில் விழுந்தது.

"ஒரு நிமிஷம் இருங்க. பாத்துட்டுச் சொல்றேன். ஒரு நிமிஷம் இருங்க. பாத்துட்டுச் சொல்றேன்."

அச்சாக என் மனைவியின் கடைக் குரல். அந்த நிதானம், 'இருங்க'வில் வருகிற அந்தச் சின்ன இழுப்பு, எல்லாம்.

பிறகு அவள் நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "கத்தாதீங்கம்மா. வரிசையில வாங்க."

என் மனைவி வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டாள். சுருட்டை அழுதுகொண்டே எழுந்து வந்து, பழக்கப்பட்ட இடத்தில் நிற்பது மாதிரி, மேசைக்கு முன்னால் நின்றாள். குக்கர் அவளைப் பார்த்து, "உங்களுக்கு என்ன?" என்றாள்.

"அழுகை," என்றாள் சுருட்டை.

குக்கர் பெட்டிகளில் துழாவி ஒரு காலி பாட்டிலை எடுத்து, படித்துப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு வைத்தாள். சின்னக் கூஜாவிலிருந்து கரண்டியில் ஊற்றினாள், விளிம்பு வரைக்கும். இளஞ்சிவப்பாக இருந்தது. அந்தக் கரண்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, மேசையைச் சுற்றி அடிமேல் அடி வைத்து வந்தாள். அழுகிற பிள்ளைகள்கூட அந்தக் கரண்டியைப் பார்த்தார்கள். சுருட்டை கரண்டியைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, ஆடாமல் நின்று, மூக்கால் மூச்சுவிட்டு, பிறகு குடித்தாள்.

"சிந்தினா வேலை செய்யாது," என்று குக்கர் எங்களுக்கு விளக்கினாள். "மறுபடி வரிசையில நிக்கணும்."

அடுத்த கரண்டி என் மனைவிக்கு. மகள் அதை அவள் இடுப்பு உயரத்துக்கு நீட்டினாள். என் மனைவி குனிந்து வாங்கினாள். குடிக்கவில்லை. முதலில் முகர்ந்தாள். பிறகு நாக்கு நுனியால் தொட்டுப் பார்த்தாள். அவள் அப்படித்தான்.

"திராட்சை ஜூஸ்," என்றாள் என்னைப் பார்த்து. "தண்ணி கலந்தது."

"கோப மருந்து," என்று திருத்தினாள் மகள்.

அப்போதுதான் மிஸ் பேசினார். பேசுவதற்கு முன்னால் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிக் காட்டினார். கை முழுக்கத் தடிப்புத் தடிப்பாகச் சிவந்து, சொறிந்த கோடுகள் காய்ந்துபோயிருந்தன.

"அந்தச் சிரப் எனக்கு, இந்த அரிப்புக்கு. அது இல்லாம எனக்குத் தூக்கம் கிடையாது. வருஷக்கணக்கா குடிக்கிறேன்," என்றார். "உங்க கடையிலதான் வாங்குறேன். வாங்கறது எனக்குன்னு உங்களுக்குத் தெரியாது. ஆனா வாங்கறேன்னு தெரிஞ்சிருக்கு. யார் சொன்னாங்க?"

என் மனைவி பாட்டிலை மேசையில் வைத்தாள்.

"இந்த விளையாட்டை நான் சொல்லிக் குடுக்கலை. உங்க பொண்ணு ஆரம்பிச்சா. தரையெல்லாம் பிசுபிசுன்னு ஆகுது, எனக்குப் பிடிக்கவும் இல்லை. ஆனா அவ கடை போட்டா ஒருத்தரும் அடிச்சுக்கிறதில்ல, அதனால விட்டேன். யாருக்கு என்ன மருந்துன்னு வெளிய சொல்லக்கூடாதுன்னு அவ ஒரு சட்டம் வெச்சிருக்கா. இந்தப் பிள்ளைங்க அதைக்கூடக் காப்பாத்துது." சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட்டார். "நாளைலேருந்து வேற இடம் பாத்துக்கோங்க."

மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தோம். என் மனைவி அந்தக் கட்டடத்தின் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். மகள் அந்தப் பெரிய சட்டையைக் கழற்றமாட்டேன் என்றாள். யாரும் திரும்பக் கேட்கவும் இல்லை. மனைவி சொன்னாள்: "அந்தக் குரல்ல நான் இவகிட்ட ஒருநாள் கூடப் பேசினதில்லைங்க. இவ என்னைக் கடையில வெச்சுத்தான் பாத்திருக்கா."

உண்மைதான். காப்பகத்துக்கு லீவு விடுகிற நாட்களில் மகள் கடைக்குப் போய், உள்ளே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள். வெறுமனே வேடிக்கை பார்க்கிறாள் என்றுதான் நினைத்திருந்தோம்.

சோதனை முடிவும் வந்தது. ஒன்றுமில்லை. மனைவி அந்தத் தாளை மடித்துக் குப்பையில் போட்டாள்.

ஆனால் கதை அங்கே சுபமாக முடிந்துவிடவில்லை. அடுத்த நாட்களில் நானும் அவளும் மாறி மாறி விடுப்பு எடுத்து மகளைப் பார்த்துக்கொண்டோம். கடை இல்லை, சுருட்டை இல்லை, வரிசை இல்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருந்தோம். குக்கர் பழைய குக்கராகிவிட்டாள், இன்னும் ஒரு படி மேலேயே. லிஃப்ட் வாசலில் மறுபடி படுத்தாள். மேல்வீட்டுக்காரர் இந்தத் தடவை எதுவும் சொல்லாமல் படியேறினார்.

ஒருநாள் அவள் உச்சத்தில் இருக்கும்போது மனைவி ஓடிப்போய்க் கரண்டியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, சிந்தாமல் நடந்து வந்து, கடைக் குரலில், "உங்களுக்கு என்ன?" என்றாள். மகள் கரண்டியைத் தட்டிவிட்டாள். அது பறந்துபோய்ச் சுவரில் பட்டு விழுந்தது.

"அது என் கடை," என்று அலறினாள். "நீ கடைக்காரங்க இல்ல. நீ அம்மா."

மனைவி ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்தாள். வேறொன்றும் செய்யவில்லை, சொல்லவில்லை, வெங்காயத்தைப் பார்க்கவும் போகவில்லை. அலறல் தேம்பலாகி, தேம்பல் விக்கலாகி, மகள் தானாக நகர்ந்து வந்து அவள் தொடையில் தலை வைக்கும்வரை அங்கேயே இருந்தாள்.

மறுநாள் மனைவி காப்பகத்துக்குப் போனாள். நானும் போனேன், தெருவில் நின்றேன். மிஸ் கதவைத் திறந்தார், பார்த்தார், மூடிவிட்டார். மனைவி வாசலிலேயே நின்றாள். நான் வண்டியின் கண்ணாடியைத் துடைத்தேன், பிறகு சக்கரத்தைத் துடைத்தேன். ரொம்ப நேரம் கழித்துக் கதவு மறுபடி திறந்தது.

"கடையில அந்தப் பையன்தானே சொன்னான்?" என்றார் மிஸ்.

"நான் கேட்டேன். அதனால சொன்னான். தப்பு என்னோடது. கடை முதலாளிகிட்ட நானே சொல்லிட்டேன்."

அது எனக்கே அப்போதுதான் தெரியும். முதலாளி அவளை வாடிக்கையாளர் பக்கமிருந்து எடுத்து, பின்னறையில் சரக்கு அடுக்கப் போட்டிருந்தார். எத்தனை நாளைக்கு என்று சொல்லவில்லையாம்.

மிஸ் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நம்புவதா வேண்டாமா என்று யோசிக்கிற பார்வை. அதே பார்வையை என் மனைவி முகத்தில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

"பிள்ளைங்க தினமும் கேக்குது, கடைக்காரம்மா எங்கேன்னு," என்றார் கடைசியில். "அதுங்களுக்காகச் சேத்துக்கறேன். உங்களுக்காக இல்ல."

அடுத்த வாரம் மகள் திரும்பப் போனாள். இப்போதும் மிஸ்ஸுக்கு எங்களைப் பிடிக்காது. காலையில் மகளின் பையைத் திறந்து, நாங்கள் என்ன கொடுத்தனுப்புகிறோம் என்று பாட்டிலை முகர்ந்து பார்த்துத்தான் உள்ளே விடுகிறார். வேறு யாருடைய பையையும் பார்ப்பதில்லை. மனைவி அதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நிற்பாள். மகளின் கடை கொஞ்ச நாளில் மூடப்பட்டு, அதே மேசை பேருந்தாகி, பிறகு குகையாகிவிட்டது என்று கேள்வி. விசில் சத்தம் அடியோடு நிற்கவில்லை. சில வாரம் வராது. வந்தால் சேர்த்துவைத்து வரும். உதடு அசைவதும் குறைந்துவிட்டது. சொல்லிக்கொள்வதை நிறுத்திவிட்டாளா, இல்லை உள்ளுக்குள்ளேயே சொல்லிக்கொள்கிறாளா என்று எங்களுக்குத் தெரியாது. கேட்டாலும் சொல்லமாட்டாள்.

இதெல்லாம் நடந்து பல மாதங்கள் ஆன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவி அவளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். நான் வெளியே கதவின் கீல் ஒன்றை இறுக்கிக்கொண்டிருந்தேன். உள்ளே சோப்பு, தண்ணீர், பொம்மை மீன் பற்றிய பேச்சு. நடுவில் மகள், முந்தாநாள் நடந்ததைச் சொல்கிற மாதிரி, சாதாரணமாகச் சொன்னாள்.

"அன்னிக்கு நீ மிஸ்கிட்ட கத்தினப்ப எனக்கு ரொம்பப் பயமா இருந்துச்சு."

தண்ணீர்ச் சத்தம் நின்றது. நானும் திருகுவதை நிறுத்தினேன்.

"எனக்கும்தான் கண்ணு," என்றாள் மனைவி.

"நீதானே கத்தினே?"

"ஆமா. பயந்துதான் கத்தினேன்."

மகள் அதை யோசித்திருக்கவேண்டும். பொம்மை மீன் வாளியில் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"சரி," என்றாள். "தலைக்கு ஊத்து."

"கண்ணை மூடிக்கோ."

"மூடிட்டேன்."